அமிர்தம் பெரியம்மா கேட்ட கையெழுத்து

அன்புள்ள மகள் சண்முகப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. பழமலைநாதர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. டெல்லியில் குளிர் அதிகம் என்று டிவியில் சொல்கிறார்கள், காதை மூடிக்கொண்டு ஆபீஸ் போ. அப்பாவுக்குப் பீங்கான் கம்பெனியில் இன்னும் சூளைப் பக்கம்தான் வேலை, இருமல் விடவில்லை. போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம். பொறுமையாகப் படி.

கார்த்திகை மழையில் கூரை ஒழுகி, விதைக்கு வைத்திருந்த மூன்று மூட்டையும் நனைந்து பூசணம் பிடித்துவிட்டது. நீ ரகப் பதிவு விண்ணப்பத்தில் வேர்க்கடலை என்று எழுதிய நம் மல்லாட்டைதான், ஒரு பிடிகூடத் தேறவில்லை. உழவர் ரகம், ஏரிக்கரைக் கொடி, உரிமையாளர் க. செல்வநாயகி என்று சான்றிதழ் கூடத்தில் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறதே, அந்த உரிமையாளர் வீட்டில் விதைக்க ஒரு கொட்டை இல்லை. சிரிப்பு வருகிறதா? இங்கே ஊரே சிரித்தது.

அந்த விண்ணப்பத்தை நீதான் நிரப்பினாய். விதை எப்படி வந்தது என்று அதில் ஒரு கேள்வி. நீ ஏழாவது படிக்கும்போது நம் விதை பாழாகி, பக்கத்துக் கொல்லை அமிர்தம் பெரியம்மா முந்தானையில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தது என்று சொன்னேன். "அதெல்லாம் எழுதுனா இழுத்துக்கிட்டே போகும்மா, ஒரே பேரா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பரம்பரையாக எங்கள் குடும்பத்தில் இருப்பது என்று எழுதினாய். நானும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன், உன்னை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பேப்பரில் அதையே போட்டு என் போட்டோவும் வந்தபோது எனக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் போனது. ஆனால் அதைப் பார்த்த பிறகு ஆடியில் விதை உடைக்க ஒருத்திகூட வரவில்லை. வருஷா வருஷம் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே நாளில் உடைத்துத் தள்ளுவோம், இந்தத் தடவை நானும் அப்பாவும் நாலு நாள் உடைத்தோம், கட்டைவிரல் நகக்கண் வெடித்துச் சோறு பிசைய முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை வெட்கத்தை விட்டு அமிர்தம் அக்கா வீட்டுக்குப் போய் விதை கேட்டேன். இல்லை என்று சொல்லவில்லை, டீகூடக் கொடுத்தாள். விதையை எடுத்து வந்தவள் கூடவே ஒரு நோட்டுத் தாளையும் நீட்டினாள். அமிர்தம் தன் கொல்லையில் இந்த மல்லாட்டையைப் போட செல்வநாயகி ஆகிய எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அதில் எழுதியிருந்தது. உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் போட்டால் கேஸ் வரும் என்று யாரோ விதை வியாபாரி கிளப்பிவிட்டிருக்கிறான். சட்டம் அப்படியில்லை அக்கா, விதைக்க, எடுத்து வைக்க, மாற்றிக்கொள்ள எல்லா விவசாயிக்கும் உரிமை உண்டு என்று நீ சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். "சட்டம்லாம் உனக்குத் தெரியும் செல்வநாயகி. எனக்கு உன்னத்தான் தெரியும்னு இருந்தேன். கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டுப் போ" என்றாள். போட்டேன். அதற்குப் பிறகு விதையைப் படியால் அளந்து போட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் எனக்கு யாரும் எதையும் அளந்து கொடுத்ததில்லை. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

சான்றிதழைப் பிரேமிலிருந்து கழற்றி இதோடு வைத்திருக்கிறேன். அதைக் கொடுத்த ஆபீஸ் உன் ரூமிலிருந்து ரெண்டு பஸ் தூரம் என்று நீதான் சொன்னாய். லீவு போட்டுப் போ. விதை எப்படி வந்தது என்பதை உள்ளபடி எழுதிக் கொடுத்து, அக்கா பேரையும் ஊர்ப் பேரையும் சேர்க்கச் சொல். முடியாது என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வா, எனக்கு அது வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். நீ கேட்ட வறுத்த மல்லாட்டை அனுப்பவில்லை. வீட்டில் இருப்பது அக்கா விதைக்கென்று கொடுத்தது, அதில் வாயில் போட நமக்கு உரிமை இல்லை.

இப்படிக்கு
உன் அம்மா
செல்வநாயகி