எந்தச் சனம்?

லிட்கம், சிட்னி
12.8.1976

அன்புள்ள தங்கச்சி பவளத்துக்கு,

உன் இருமல் விட்டுவிட்டதா? முழங்கால் நோவைத் தவிர எனக்குக் குறை ஒன்றுமில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் வீட்டில் கதைக்க ஆளில்லை. ஆகையால் புதன்கிழமைகளில் நூலகத்தில் நடக்கும் பழைய ஸ்பானிய நாடக வகுப்புக்குப் போகிறேன். அந்தக் காலத்தில் அங்கே நாடகம் பார்க்க வரும் பெண்களுக்குத் தனி வாசல், தனி மாடமாம்.

சென்ற வாரம் வாசித்த நாடகத்தில், ஊர்ப் பேச்சுக்குப் பயந்து ஒருவன் தன் தங்கையை அறைக்குள் பூட்டி வைக்கிறான். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சனம் கதைக்கும் எல்லோ? அவன் வேறென்ன செய்யிறது?" என்றேன், பக்கத்தில் இருந்த எங்களூர்ப் பெண் வைதேகியிடம்.

"எந்தச் சனம், அன்ரி? ஒரு பேர் சொல்லுங்கோ பாப்பம்" என்றாள்.

நீ சவரிமுத்துவைக் கட்டிக்கொண்டு வந்தபோது, நானும் சனத்துக்குப் பயந்துதான் உங்களை வாசலில் மறித்தேன். வகுப்பு முடியும்வரை யோசித்தும் ஒரு பெயர்கூட ஞாபகம் வரவில்லை.

மழைக்கு முன் இதைத் தபாலில் போட வேண்டும். இருபது வருடமாக நீ படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டு முகவரியைக் கிறுக்காமல், தெளிவாக எழுதி அனுப்பு. சவரிமுத்துவைச் சுகம் கேட்டதாகச் சொல்.

அக்கா,
மங்கையர்க்கரசி