மெல்வர்டனுக்கு எப்படித் தெரிந்தது?

ஜனவரி 12, ஞாயிறு

நேற்றும் தோல்வி. சொந்த மைதானத்தில் மூன்று கோல் வாங்கினோம். எங்கள் ஹாலோபி டவுன் இப்போது கடைசி மூன்று கால்பந்து கிளப்புகளில் ஒன்று. இப்படியே முடிந்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். வாசலில் ஒரு கிழவர் மறித்தார்: "ஹிலரி, உன் புருஷன்கிட்ட சொல்லும்மா, அந்த கோல்கீப்பருக்குப் பதிலா எங்க வீட்டு நாயை நிறுத்தட்டும். அது பந்தையாவது துரத்தும்."

சிரித்து வைத்தேன். பயிற்சியாளரின் மனைவிக்கு இதெல்லாம் பழக்கம்தான். ஆனால் கார் நிறுத்துமிடத்தில் என் கணவன் க்ளைவின் உதவிப் பயிற்சியாளன் நெவில், கிளப் தலைவரோடு ஒதுங்கி நின்றிருந்தான். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. ஏன்?

ஜனவரி 13

க்ளைவிடம் சொன்னேன். "நெவிலா? சும்மா இரு, ஹில்." இந்த மனுஷன் எல்லாரையும் நம்புவான்.

பிப்ரவரி 22

மெல்வர்டனிடம் தோற்றோம். அவர்களும் எங்களைப் போலத் தத்தளிப்பவர்கள்தான். வியாழக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு பழகிய புது கார்னர் கிக் உத்தி - நம் ஆள் ஓடுவதற்கு முன்பே அவர்கள் அங்கே நிற்கிறார்கள்! யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரென்று எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 25

போன் வந்தால் க்ளைவ் கராஜுக்குப் போய்விடுகிறான். தலைவர் மிரட்டுகிறார் போல. எல்லாம் நெவில் வேலை.

மார்ச் 15

இடைவேளையில் நெவிலின் மனைவி பாலின் டீயை நீட்டினாள். வாங்கவில்லை.

"என்ன ஹில், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே போற?"

"உன் புருஷனைக் கேளு. க்ளைவ் இடத்துல உட்கார எவ்வளவு நாளா காத்திருக்கான்னு."

சுற்றி எல்லாரும் கேட்டார்கள். கேட்கட்டும்.

மே 3

கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டோம். மெல்வர்டன் ஒரே புள்ளியில் தப்பியது. நெவில் கோல் கம்பத்தடியில் உட்கார்ந்து தேம்பினான். நடிப்பு என்றுதான் நினைத்தேன். க்ளைவோ தலை வாரிக்கொண்டு வந்தான். "வா, கூட்டம் கிளம்பறதுக்குள்ள போயிடலாம்."

அதற்குள் எப்படித் தலை வார முடிந்தது?

மே 9

காலை வானொலிச் செய்தி: மெல்வர்டனின் புதுப் பயிற்சியாளர் - க்ளைவ். என் க்ளைவ்!

"எப்ப பேசினாங்க?"

"கிளப் மூழ்கிட்டிருந்தது ஹில். நான் என்ன பண்ணட்டும்?"

"எப்பன்னு கேட்டேன்."

"பிப்ரவரி ஆரம்பத்துல."

"அப்ப அந்த கார்னர்?"

கார் சாவியைத் தேடினான். கையில்தான் இருந்தது.

மே 11

கிளப் தலைவரே போனில் சொன்னார். ஜனவரியில் நெவிலைப் பயிற்சியாளர் ஆகும்படி கேட்டாராம். "க்ளைவ் இருக்கறப்ப நான் எப்படி சார்?" என்று மறுத்துவிட்டானாம்.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 9

கீழ்ப் பிரிவில் முதல் ஆட்டம். மழை. பாதிக் கூட்டம்கூட இல்லை. தனியாகப் போனேன். க்ளைவ் மெல்வர்டனில் வீடு பார்த்துக்கொண்டான். நான் வரவில்லை என்றுவிட்டேன்.

மைதானக் கோட்டோரம் இப்போது பயிற்சியாளராக நெவில். தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். பாலின் முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வார்த்தை யோசித்திருந்தேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உட்காரு. பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது."