வன்னியம்பட்டியில் என் சிறுநீரகம்

12 ஜூன் 2023

காலையில் இரண்டு தறி நின்றுவிட்டது. பேண்டேஜ் துணி லோடு நாளைக்குள் போயாக வேண்டும். முதலாளி மெக்கானிக்கைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். சூப்பர்வைசர் வேலை என்றால் அதுதான்.

மதியம் லீவு சொல்லிவிட்டு மகாலட்சுமியை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனேன். ராஜபாளையத்தில் பஸ் ஏறியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுகிறாள். கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக வேலை பார்த்தபோது இவள் பேச்சு வராந்தா வரைக்கும் கேட்கும் என்பார்கள். இன்று ஊசி சரியாக இறங்கவில்லை, இரண்டு தரம் குத்தினார்கள். என் விரலைப் பிடித்துக்கொண்டாள். சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாததுதான் தாங்க முடியவில்லை.

15 ஜூன்

சொல்லிவிட்டேன், என் சிறுநீரகம் ஒன்றை அவளுக்குத் தருகிறேன் என்று.

எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே, "வேண்டாம்" என்றாள்.

"ஏன்?"

"சத்யா இன்னும் காலேஜ் முடிக்கல. அவளுக்கு ஒரு ஆளாவது முழுசா இருக்கணும்ல."

நீ இல்லாமல் நான் முழுசாக இருந்து என்ன செய்ய? நினைத்தபடி பிசைந்துகொண்டே இருந்தேன். சோறு ஆறிவிட்டது.

2 ஜூலை

சத்யப்பிரியா மதுரையிலிருந்து வந்து அம்மாவோடு சண்டை போட்டாள், அழுதாள், பிறகு மடியில் படுத்துக்கொண்டாள். "டெஸ்ட் மட்டும் எடுங்க, பொறவு பாக்கலாம்" என்றாள் மகாலட்சுமி.

10 ஜூலை

நான் ஏ பாசிட்டிவ். அவள் பி. சேராதாம்.

இருபத்தி மூன்று வருசம் சேர்ந்து வாழ்ந்தாச்சு. ரத்தத்துக்கு அது தெரியல.

19 ஜூலை

டயாலிசிஸ் மையத்து வெளி பெஞ்சில் எப்போதும் இருக்கும் அந்தப் பெண்ணோடு இன்று பேசினேன். பெயர் காளீஸ்வரி. வன்னியம்பட்டி. வீட்டுக்காரர் சிவபாண்டி, மக்காச்சோளம் போடுகிறவர், உள்ளே மகாலட்சுமிக்கு இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருக்கிறார். அந்தம்மாவும் கொடுக்கத் தயாராக இருந்து, அவர்களுக்கும் ரத்தம் சேரவில்லை.

"என்னது பி, அவியளுக்கு ஏ. என்னத்தச் சொல்ல அண்ணாச்சி."

பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்களுடையதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் அவர்களுடையது.

8 ஆகஸ்ட்

மதுரை ஆஸ்பத்திரி. நான்கு பேரும் போனோம். ஷெரின் என்ற பெண்தான் அங்கே இதற்கெல்லாம் ஏற்பாடு செய்கிறவர். பொறுமையாகச் சொன்னார்.

"உங்க கிட்னி சிவபாண்டி அண்ணனுக்கு. காளீஸ்வரி அக்காவோடது உங்க வீட்டம்மாவுக்கு. எல்லாருக்கும் ஒரே நாள்ல ஆபரேஷன். ஒருத்தர் வாங்கிட்டு இன்னொருத்தர் பின்வாங்கக் கூடாதுல்ல, அதுக்காக."

காளீஸ்வரிதான் கேட்டாள்: "அப்பம் பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்க மாதிரியா?"

"அப்பிடின்னா சீதனம் யாரு செய்யது?" என்றார் சிவபாண்டி.

மகாலட்சுமி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் இருக்கும்?

திரும்பி வரும்போது, "சரி" என்றாள். ஏன் இப்போது மட்டும் சரி என்று கேட்டேன். "நீங்க எனக்குக் குடுத்தா நான் மட்டும் பொழைப்பேன். இதுல அந்த மனுசனும் பொழைப்பாருல்லா."

இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன். என்னுடையது அவளுக்குள் இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். வேறு ஒருவருக்கு என்றதும் மனசு ஒரு நிமிடம் சுருங்கிவிட்டது. இதைப் போய் யாரிடம் சொல்வது?

3 செப்டம்பர்

அண்ணன் சுப்புராஜ் வந்தார். "யாரு, என்னன்னு விசாரிச்சியா?"

அவர் எதைக் கேட்கிறார் என்று தெரியும். "ஏ பாசிட்டிவ்" என்றேன். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

17 அக்டோபர்

அனுமதிக் குழு முன்னால் உட்கார வைத்தார்கள். சொந்தமா, பணம் கைமாறியதா, யாராவது வற்புறுத்தினார்களா என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டார்கள். வெளியே வந்து காளீஸ்வரி சொன்னாள்: "யாரும் வற்புறுத்துதாங்களான்னு கேட்டாங்க. நான்தான்யா எங்க வீட்டுக்காரர வற்புறுத்திக் கூட்டியாந்திருக்கேன், அந்த மனுசன் ஓடப் பாத்தாருன்னு சொல்லிட்டேன்."

அனுமதி கிடைத்துவிடும் என்கிறார் ஷெரின்.

28 நவம்பர்

நாளைக்கு ஆபரேஷன். பயமாக இருக்கிறது. அவள் முன்னால் விசிலடித்துக்கொண்டு திரிந்தேன். "சும்மா இருங்க, பயம்னா பயம்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

1 டிசம்பர்

இருமினால் விலாவில் கத்தி இறங்குகிறது. எழுத்து கோணலாக வருகிறது, போகட்டும்.

என்னுடையது சிவபாண்டிக்குள் போன உடனேயே வேலையைத் தொடங்கிவிட்டதாம். டாக்டர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மகாலட்சுமிக்கு வைத்தது இன்னும் தொடங்கவில்லை. "தூங்குது, முழிச்சுக்கும்" என்கிறார்கள். முழிக்கலைன்னா?

3 டிசம்பர்

அவளுக்கு மறுபடி டயாலிசிஸ். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கையை அசைத்தாள்.

சிவபாண்டியின் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். முகம் தெளிந்து, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டார். பேசாமல் வந்துவிட்டேன். அந்த மனுசன் என்ன செய்வார்? ஆனாலும் பேச முடியல. என்னோடது அங்க ஓடுது, இவ மட்டும் இப்பிடிக் கிடக்கா. என்ன கணக்கு இது, கடவுளே.

5 டிசம்பர்

இன்று நடந்ததை எழுதியாக வேண்டும்.

காளீஸ்வரி வயிற்றைப் பிடித்தபடி சுவரோரமாக நடந்து வந்தாள். இத்தனை நாளாக என் கண்ணில் படாமல் ஒதுங்கியே இருந்திருக்கிறாள். "எங்கிட்ட இருந்து போனதுதான் சரியில்லையோ அண்ணே. மதினிய ஒரு தடவ பாக்கணும்." அண்ணாச்சி எப்போது அண்ணே ஆனது, தெரியவில்லை. நர்ஸிடம் கெஞ்சியதும் முகக்கவசம், அங்கி எல்லாம் போட்டுக் கதவருகில் நிற்கவிட்டார்கள். நான் பின்னால் நின்றேன்.

மகாலட்சுமியின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. வயிற்றைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஏட்டி, அங்க போயி என்ன ஒறக்கம் ஒனக்கு? எங்கூட இருக்கும்போது வெயில்ல களை எடுத்தாலும் ஒருநா சும்மா இருந்தியா? மதினி வீடு நல்ல வீடுட்டி. வேலையப் பாரு."

மகாலட்சுமி சிரிக்கப் பார்த்து, தையல் இழுத்து, வலியில் முனகி, மறுபடி சிரித்தாள். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பும்போது சிவபாண்டியின் அறைக்குள் போனேன். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "மச்சான்" என்றார், பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

8 டிசம்பர்

மகாலட்சுமிக்கு ஒன்றுக்கு வந்தது. நிறைய வந்ததாம். தாழ்வாரத்தில் நின்று அழுதேன். இதற்காக அழுத ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன். பக்கத்து நாற்காலியில் காளீஸ்வரியும் அழுதுகொண்டிருந்தாள்.

14 ஏப்ரல் 2024

இருவரும் மக்காச்சோள மூட்டையோடு வீட்டுக்கு வந்தார்கள். சிவபாண்டி வயிற்றைத் தட்டி, "ஒங்க ஆளு சொகமா இருக்கான் மச்சான், வயலுக்கெல்லாம் கூட வாரான்" என்றார். காட்டுப்பன்றி வந்து சோளத்தை அழித்த கதையைச் சொல்லிக்கொண்டே மூன்று தோசை சாப்பிட்டார். அடுப்படியில் இரண்டு பெண்களும் எதற்கோ சத்தமாகச் சிரித்தார்கள். மகாலட்சுமியின் குரல் வாசல் வரைக்கும் கேட்டது.

7 ஆகஸ்ட்

ஆடிப்பூரம். கிட்னி வைத்தவர்கள் கூட்டத்துக்குள் போகக் கூடாது என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூரில் தெரிந்தவர் மாடியில் நின்று தேரைப் பார்த்தோம், நான்கு பேருமாக. மாத்திரையும் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரும் கையோடு.

10 பிப்ரவரி 2025

சிவபாண்டி போய்விட்டார். வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு.

11 பிப்ரவரி

வன்னியம்பட்டிச் சுடுகாட்டில் நின்றேன். ஊர்க்காரர்கள் கலைந்து போன பிறகும் நின்றேன். எரிந்ததில் என்னுடையதும் இருந்தது. அதற்காக நிற்கவில்லை. அவர் இன்னும் இருபது வருசம் பன்றிக் கதை சொல்வார் என்று நினைத்திருந்தேன்.

என் பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாள், காளீஸ்வரி கொடுத்ததால். காளீஸ்வரிக்கு நான் கொடுத்தது ஒன்றரை வருசம்கூட நிற்கவில்லை. அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

25 பிப்ரவரி

கருமாதி. பந்தலில் பெரியவர் ஒருவர், "பொறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்திருக்கா?" என்று கேட்டார். காளீஸ்வரி ஒத்தைப் பிள்ளை. தாய் தகப்பனும் இல்லை. அவள் தலை இன்னும் குனிந்தது.

மகாலட்சுமி என் முழங்கையைத் தள்ளினாள். பையிலிருந்து சேலையை எடுத்து என் கையில் வைத்தாள். நேற்று ராஜபாளையத்தில் கடை கடையாக ஏறி இறங்கி எடுத்தது. பச்சை. "வெள்ளை எடுக்க மாட்டேன்" என்று கடைக்காரரிடமே சொல்லிவிட்டாள்.

எழுந்து போனேன். "எந்த ஊரு, என்ன முறை?" என்று யாரோ கேட்டார்கள்.

"ராஜபாளையம். கூடப் பொறந்தவன்" என்றேன்.

சேலையை அவள் தோளில் போட்டேன். அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை நாளும் அழாததையெல்லாம் அழுதாள். நானும்தான்.

சாப்பாடு முடிந்து கிளம்புகிற நேரத்தில் அவளைத் தேடினோம். அடுப்படியிலிருந்து வந்தாள், தோளில் பச்சைச் சேலை, கையில் மூடி போட்ட சொம்பு. மகாலட்சுமியிடம் நீட்டினாள்.

"மாத்திரைக்கு நேரமாச்சுல்லா. குடிங்க மதினி, காலையிலயே கொதிக்க வச்சு ஆத்துனதுதான்."