பெரிய தையல்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்ல வழியில்லை, உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, வேலை பார்க்கிற ஊரிலேயே தங்கிக்கொள்கிறான், மாடி வீட்டுக்காரி மறுபடியும் குழாயைத் திறந்துபோட்டு நம் சுவரை நனைத்துவிட்டாள், அதெல்லாம் கிடக்கட்டும். அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது.

ஓரத்தில் இருப்பது எதுவும் தெரிவதில்லை. நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டு கதவைத் திட்டுகிறார். இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். கண்ணுக்குள் அழுத்தம், போன பார்வை இனி வராது, மிச்சத்தையாவது காப்பாற்ற உடனே வைத்தியம் தொடங்க வேண்டும் என்றார். வெளியே வந்ததும் அப்பா, பிள்ளைங்க காதுக்கு இது போகக் கூடாது, என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு என்றார். பண்ணித் தொலைத்தேன். மீறினால் அவருக்கே ஏதாவது ஆகிவிடுமோ என்று வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறேன். மறுபடி டாக்டரிடம் கூப்பிட்டால் வருவதில்லை. தைத்த சட்டையை என் முகத்துக்கு நேரே விரித்து, கண்ணு தெரியாதவன் தச்ச தையலாடி இது என்கிறார். அது நான் தைத்தது. நம் கடையில் அவர் தைத்தால் காஜா எடுத்துப் பட்டன் வைப்பது நான்தானே, எல்லாத் துணியும் என் கைக்கு வந்துதான் வெளியே போகும். கோணலாகப் போனதை அவர் டீ குடிக்கப் போகிற நேரத்தில் பிரித்து நேராக அடித்துவிடுவேன். பாவம், மனசு உடைந்துவிடக் கூடாதே என்று செய்தேன். அதையே சாட்சியாகக் காட்டி டாக்டரை வேண்டாம் என்கிறார். உள்ளே வைத்துப் புழுங்கிப் புழுங்கி எனக்குச் சோறு இறங்கவில்லை, அடுத்த வீட்டுக்காரி சும்மா விசாரித்தாலே எரிந்து விழுகிறேன்.

நேற்று நடந்ததைக் கேள். ஒரு நர்ஸம்மாவின் சட்டையை என் பக்கம் தள்ளினார். பொடித் தையல் தவிர வேறு போட்டறியாத மனுஷன், பக்கவாட்டில் முழுக்கப் பெரிய பெரிய தையலாக ஓட்டியிருந்தார். பிரிக்க எனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தேன், மிஷினைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. தெரிந்தேதான் கண்ணைப் பறிகொடுக்கிறார், நானும் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் வைத்துக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது குட்டிம்மா.

போன் செய்யும்போது கடிதம் வந்ததைக் காட்டிக்கொள்ளாதே என்று எழுதத்தான் நினைத்தேன். வேண்டாம், ஒளித்தது போதும். ஸ்பீக்கரிலேயே கேள், அம்மா எழுதினாள் என்றே சொல், அவர் என்னைத் திட்டினால் திட்டட்டும். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள், வேளைக்குச் சாப்பிடு. மறக்காமல் கடை திறந்திருக்கும் நேரத்தில் கூப்பிடு, அப்போதுதான் எழுந்து போக முடியாமல் மிஷினில் துணியோடு உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
சத்தியத்தை மீறிய உன் அம்மா