வலிக்காத கை

21.11.1996, வியாழன் இரவு

மெர்சிக்கு மாற்றுச் சேலை எடுக்க வீட்டுக்கு வந்தேன். எடுத்தாயிற்று. திரும்பிப் போகக் கால் வரவில்லை.

காலையில் ஏரல் போகும் வழியில் மழைச்சேற்றில் வண்டி வழுக்கி நான், மெர்சி, எங்கள் பாப்பா மூன்று பேரும் விழுந்தோம். பாப்பாவின் தலை மைல்கல்லில் மோதியது. பேச்சுமூச்சு இல்லை. மெர்சிதான் அவளை அள்ளிக்கொண்டு ஓடி ஒரு வேனை மறித்தாள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வரை மடியை விட்டு இறக்கவில்லை. அவளுடைய இடது மணிக்கட்டு ஒடிந்து தொங்கியதை நர்ஸ்தான் பார்த்தாள்.

"வலிக்கலையாம்மா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. பிள்ளையப் பாருங்க."

சாயங்காலம் வரை இதே பதில்தான். கட்டுப்போடக்கூட விடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, ஒரு பொய் சொன்னேன்.

"பாப்பா கண்ணு முழிச்சிட்டா மெர்சி. உன்னத்தான் தேடுதா. டாக்டர் இப்ப யாரையும் உள்ள விட மாட்டேங்காரு."

மெர்சி என்னைப் பார்த்தாள். அப்புறம் கையைப் பார்த்தாள். அலறிவிட்டாள்.

பயத்தில் மூளையே மார்ஃபின் மாதிரி ஒன்றைச் சுரந்து வலியை மறைத்துவிடுமாம். பயம் விட்டால் அதுவும் நின்றுவிடுமாம். டாக்டர் சொன்னார். ஊசி போட்டும் முனகுகிறாள். உள்ளே இருந்த மருந்தை நிறுத்தியவன் நான்தானே.

பாப்பா இன்னும் கண் திறக்கவில்லை.

நான் கிளம்பும்போது அந்த வலியிலும் மெர்சி சிரித்தாள். "பிள்ளைக்கு மஞ்சக் கவுனையும் எடுத்துட்டு வாங்க. முழிச்சவ குளிருதும்பா."

கவுனையும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.