கபீர் கடை ஐஸ்

14 ஜூலை 1979
லூசியன் வீட்டில் விருந்து. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற மனிதர். இன்று பிரான்சின் தேசிய நாள்; வருடம் தவறாமல் கொடி ஏற்றிவிட்டுப் பத்துப் பேருக்குச் சோறு போடுவார். எனக்கோ சர்க்கரை வியாதி. கேக் வேண்டாம், ஒயின் வேண்டாம் என்று சொல்லியே வாய் வலித்தது. கடைசியில் சிப்பியை வேகவைக்காமல் பச்சையாகத் திறந்து, அதன்மேல் எலுமிச்சம்பழம் பிழிந்து நீட்டினார். "இதுல சர்க்கரை இல்லீங்களே, இன்ஸ்பெக்டர்." சுகாதார இன்ஸ்பெக்டருக்கு அதற்குமேல் என்ன சாக்கு? கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். சளி மாதிரி இறங்கியது.

11 ஆகஸ்ட்
மஞ்சள் காமாலை. ஒரே வாரத்தில் ஆறு பேர். ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் வரவில்லை. கோட்டுச்சேரியில் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் கமலாம்பாள் சொல்லித்தான் எனக்கே தெரியும். லூசியனும் படுத்துவிட்டார். போன வாரம் என்ன சாப்பிட்டீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டேன். ரசம் சாதம் என்கிறார்கள். ரசம் சாதத்தில் காமாலை வருமா?

13 ஆகஸ்ட்
ஆறு பேரும் கபீர் கடையில் சர்பத் குடித்திருக்கிறார்கள். காரைக்காலில் யார்தான் குடிக்கவில்லை! எங்கள் சுகாதார அதிகாரி அதைப் பிடித்துக்கொண்டார். ஐஸ்தான் காரணம், கடையைப் பூட்டு என்றார். நோன்பு மாதம், அவனுக்கு வருஷ வியாபாரமே இப்போதுதான் என்றேன். பூட்டை என் கையிலேயே கொடுத்தார்.
கபீர் வாதாடவில்லை. "பெருநாள் வரைக்குமா சார்?" என்று மட்டும் கேட்டான். பூட்டிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

16 ஆகஸ்ட்
பள்ளிவாசல் தெருவே தினமும் அந்த ஐஸில்தான் நோன்பு திறந்தது. அங்கே ஒருவருக்கும் கண் மஞ்சளில்லை. இதைச் சொன்னால் அதிகாரி வேறு ஃபைலைப் புரட்டுகிறார். எரிச்சல், எரிச்சல்.

18 ஆகஸ்ட்
மூன்று நாளாகச் சோறு பிடிக்கவில்லை. குமட்டல். சிறுநீர் கடுங்காப்பி நிறம். கண்ணாடியில் பார்த்தேன் — எனக்குமா? நான் கபீர் கடையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லையே!

20 ஆகஸ்ட்
டாக்டர் சொன்னார்: "கிருமி உள்ள போயி ஒரு மாசம் வரைக்கும் சும்மா கெடக்கும். அப்புறந்தான் தலையைக் காட்டும்."
ஒரு மாசம்! நான் மடையன் மாதிரி போன வாரத்தைக் கேட்டுத் திரிந்திருக்கிறேன். ஒரு மாதம் முன்பு நான் எதை விழுங்கினேன்? எலுமிச்சம்பழம் பிழிந்த அந்தச் சிப்பி! படுத்த ஆறு பேரும் அன்று அந்த விருந்தில் இருந்தவர்கள்தான்.

21 ஆகஸ்ட்
லூசியன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மார்கெரித் ஒளிக்காமல் சொன்னாள். "சிப்பி எடுத்தப்ப சுத்தமாத்தான் இருந்துச்சு. விருந்து வரைக்கும் உசிரோட இருக்கணும்னு சாக்குல கட்டி, பின்னால வாய்க்கால்ல மூணு நாள் போட்டு வச்சோம்."
அந்த வாய்க்காலில்தான் தெருவின் கக்கூஸ் சாக்கடை முழுவதும் இறங்குகிறது.
லூசியன் ஒப்புக்கொள்ளவில்லை. சைகோனில் தின்றாராம், மார்செயில் தின்றாராம், ஒன்றும் ஆகவில்லையாம். மற்ற விருந்தாளிகளிடம் போனால் சிப்பியா, அது என்ன என்கிறார்கள். விருந்து வைத்தவரைக் காட்டிக்கொடுக்க மாட்டார்களாம். திரும்பி வந்து லூசியனிடம் கத்திவிட்டேன். "அப்ப கபீர் மட்டும் என்ன பாவம் பண்ணினான்?" அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

22 ஆகஸ்ட்
சிப்பி தின்றதாக இன்னொருவராவது வந்து சொல்லட்டும் என்கிறார் அதிகாரி. என் கண் மஞ்சள் அவருக்குப் போதாது.

24 ஆகஸ்ட்
நாளைக்குப் பெருநாள். மத்தியானம் லூசியன் ஆபீசுக்கு வந்தார். கோட்டில் பட்டாளத்துப் பதக்கம்; நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதிகாரி முன்னால் நின்றபடியே சொன்னார்: "ஐஸ் இல்லீங்க. என் வீட்டுச் சிப்பி."
திங்கட்கிழமை திறக்கலாம் என்றார் அதிகாரி. திங்கட்கிழமை! இன்றைக்கே திறந்தால் யார் குடி முழுகிவிடும்?

27 ஆகஸ்ட்
பூட்டைத் திறந்துவிட்டேன். கபீர் கடையைக் கழுவி, பெஞ்சைத் துடைத்து, புது ஐஸ் வாங்கி வைத்தான். சாயங்காலம் வரை ஒரு ஆள் ஏறவில்லை. எதிர்ச் சாரியில் நின்றவர்கள் ஐஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
நான் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கேட்காமலே எலுமிச்சம்பழம் பிழிந்தான்.
"உங்களுக்குச் சீனி ஆவாது. உப்புப் போட்டிருக்கேன்."
பிறகு கை நின்றது. தெருவை ஒரு தரம் பார்த்தான்.
"ஐஸ் போடவா சார்?"
"நிறையப் போடு" என்றேன்.