மஞ்சள் விளக்கும் நாற்பது வேகமும்

என் ஜெயக்கொடிக்கு,

வருகிற மாசியோடு நீ போய் ஒரு வருடம். எழுதிப் பேசுகிற பழக்கம் நமக்குள் இருந்ததே இல்லை. கடையிலிருந்து போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன், அவ்வளவுதான். இன்று கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஒத்தக்கடைத் தீவனக் கடை ஓடுகிறது. சமையலுக்கு ஆள் வைக்கவில்லை. ரசம் மட்டும் எனக்கு வருகிறது, அதையும் நீ குடித்தால் துப்பிவிடுவாய். நம் பழைய காரில் அந்த மஞ்சள் விளக்கு போன வாரம் மறுபடியும் எரிந்தது.

நாக் சென்சார் கோளாறு என்பாரே நம் மெக்கானிக், அதேதான். இன்ஜினுக்குள் தட்டுகிற சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் காது அது. இரண்டு முறை புதிதாக மாற்றினோம். சில வாரம் விளக்கு அணைந்திருக்கும், பிறகு வந்துவிடும். "லைட் எரிஞ்சா பையப் போங்கண்ணே, மிதிச்சீங்கன்னா இன்ஜினே போயிரும்" என்று அவர் ஒருநாள் சொன்னதை நான் மனதில் ஆணி அடித்து வைத்துக்கொண்டேன்.

நம் மகள் சங்கீதா அந்த வண்டியைப் பழைய இரும்புக்காவது போட்டுவிடச் சொல்கிறாள். "அம்மாவக் கொன்ன வண்டிப்பா அது. வாசல்ல நிக்கிறதப் பாத்தாலே வயிறு எரியுது" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வாங்குகிற ஆளோடு வருகிறாள். கொடுத்துவிடுவதற்கு முன்னால், விளக்கு ஏன்தான் எரிகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வெறி. கப்பலூரில் கார் வயரிங் வேலை பார்க்கும் இஸ்மாயிலிடம் கொண்டுபோனேன்.

அவன் சென்சாரைக் கழற்றவே இல்லை. மீட்டரை வைத்து வயர் முழுக்க அளந்துகொண்டு வந்தான். ஓரிடத்தில் வயரை ஆட்டியதும் மீட்டரில் எண் தாறுமாறாகக் குதித்தது. "சென்சார் நல்லாத்தாண்ணே இருக்கு. பாவம், அதப் போயி ரெண்டு தடவ மாத்தியிருக்கீங்க" என்றான். வயர் சேரும் பிளக்கைப் பிரித்துக் காட்டினான். அதன் ரப்பர் கிழிந்து கிடந்தது. உள்ளே பச்சைக் களிம்பு, அதன்மேல் காய்ந்துபோன மஞ்சள் பொருக்கு. சுரண்டி முகர்ந்து பார்த்தான்.

"என்னண்ணே, சந்தனம் மணக்குது! இன்ஜினுக்குக் கல்யாணம் கில்யாணம் பண்ணி வச்சீங்களா?"

சிரித்துவிட்டேன், ஜெயா. ஆயுத பூஜைக்கு எல்லோரும் பானட்டின் மேல் பொட்டு வைப்பார்கள். நீ மட்டும், "உழைக்கிறது உள்ள இருக்கு, வெளிய வச்சா ஆச்சா?" என்று பானட்டைத் திறக்கச் சொல்லி, சந்தனம் கரைத்த பன்னீரை அள்ளி அள்ளித் தெளிப்பாய். வருடா வருடம் அது அந்தக் கிழிசல் வழியாக இறங்கியிருக்கிறது.

பிறகு அவனிடம் ஒன்று கேட்டேன். கேட்காமல் வந்திருக்கலாம்.

"இந்த லைட் எரியும்போது வேகமாப் போனா என்னப்பா ஆகும்?"

"தெனமும் அப்பிடி ஓட்டக்கூடாதுண்ணே. இழுவ கொறையும், பெட்ரோல் கூடக் குடிக்கும், அம்புட்டுத்தான். ஆத்திர அவசரம்னா மிதிக்க வேண்டியதுதானே? எம்பதுல தாராளமாப் போகும்."

அன்றைக்குத் திருவாதவூரில் உன் தங்கச்சி வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். வாய்வு என்றோம். சோடா வாங்கிக் கொடுத்தோம். வேர்த்துக் கொட்டிய பிறகுதான் உன்னை வண்டியில் ஏற்றினேன். ஊரைத் தாண்டும்போதே விளக்கு எரிந்துவிட்டது. நான் நாற்பதைத் தாண்டவில்லை.

"கொஞ்சம் மிதிங்க மாமா" என்றாய்.

"மிதிச்சா இன்ஜின் போயிரும்டி" என்றேன்.

அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

நடுவழியில் நின்றுவிடுமோ என்ற பயம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் புது இன்ஜினுக்கு ஆகும் செலவும் மனசுக்குள் ஓடியது, அதுவும் பொய்யில்லை. பக்கத்தில் நீ மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் கடைக்காரன்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். எவ்வளவு முன்னாடி என்று நான் கேட்கவில்லை. ஓடிவந்த மகளிடம் "வண்டி இழுக்கலம்மா" என்றேன். அவள் நம்பினாள். சொந்தபந்தம் எல்லாம் நம்பியது. சொல்லிச் சொல்லி நானும் நம்பிவிட்டேன்.

கப்பலூரிலிருந்து திரும்பும் வழியில் ஒரு நினைப்பு வந்தது. உன் சந்தனத்தால்தானே விளக்கு எரிந்தது, பழியில் பாதி உனக்கும் உண்டல்லவா என்று. பார்த்தாயா, செத்தவளிடமும் பேரம் பேசுகிறேன். விளக்கை எரிய வைத்தது உன் சந்தனமாக இருக்கட்டும். மிதிக்காமல் இருந்தது என் கால்.

எண்பதில் போயிருந்தால் பிழைத்திருப்பாயா? தெரியவில்லை. இனி யாரும் சொல்லப்போவதும் இல்லை. இரண்டாவது தடவை ஏன் கேட்காமல் விட்டாய்? கோபமா? இல்லை, மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாயா? கோபமாகவே இருந்திருக்கட்டும். அதுதான் எனக்குக் கொஞ்சம் தாங்கும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆளைச் சற்று நேரம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு சங்கீதாவை உட்கார வைப்பேன். வண்டி இழுத்தது, நான்தான் மிதிக்கவில்லை என்று சொல்வேன். நீ கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் ஒரு வார்த்தை விடாமல் சொல்வேன். அவள் கத்தலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்படியே கிளம்பிப் போகலாம், பிறகு என் வாசலை மிதிக்காமலே இருக்கலாம். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஜெயா. இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் அத்தை மகன், உன் வீட்டுக்காரன்,
செல்லப்பாண்டி